யாரை நம்பி?

"நம்பிக்கையோடு இருங்கள்." 2020 மார்ச்சில் தொடங்கி அடுத்த இரண்டு வருடங்கள் என் வயதுக்காரர்கள் அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். தொலைக்காட்சியில் அமைச்சர் சொன்னார். இயங்கலை வகுப்பில் ஆசிரியர்கள் சொன்னார்கள். சூரியன் உதிக்கிற படத்தோடு சித்தப்பா காலை ஆறு மணிக்கே புலனத்தில் அனுப்பிவிடுவார். கூடவே இன்னொரு வேண்டுகோளும் வரும். சும்மா இருக்காதீங்க, எதையாவது படைங்க. கவிதை எழுதுங்க, படம் வரைங்க, காணொலி எடுத்துப் போடுங்க. வீட்டுக்குள் அடைந்து கிடந்த இளைஞர்களிடம் நம்பிக்கையும் படைப்பாற்றலும் மாதச் சந்தா மாதிரி கேட்கப்பட்டன.

சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. அடைபட்டுக் கிடக்கிற ஒருவரிடம் "நம்பிக்கையோடு இரு" என்று சொல்வது என்ன மாதிரியான செயல்? நம்பிக்கை என்பது அவர் தனக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டியதா? இல்லை, வெளியில் இருக்கிற யாரோ அவருக்குத் தர வேண்டியதா?

முதலில் சொல்லைப் பார்க்கலாம். மலாயில் 'ஹராப்' வேறு, 'பெர்ச்சாயா' வேறு. நாளைக்கு மழை விட்டுவிடும் என்று எதிர்பார்த்தால் ஹராப். கடைக்கார அங்கிள் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுப்பார் என்றால் பெர்ச்சாயா. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: நம்பிக்கை. கடவுள் மேல் இருப்பதும் அதுதான், கடன் கேட்கப் போகும் இடத்தில் இருப்பதும் அதுதான். பள்ளியில் மொழிபெயர்ப்புப் பயிற்சி செய்யும்போது இது பெரிய தொல்லை. ஆனால் அந்தத் தொல்லைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. 'நம்பு' என்ற வினை தனியாக நிற்காது. யாரையாவது, எதையாவது நம்ப வேண்டும். "உன்னத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லும்போது அது எதிர்பார்ப்பும்கூட, உறவும்கூட, சில சமயம் அடுத்த வேளைச் சாப்பாடும்கூட. தொல்காப்பியத்தின் உரியியல் இன்னும் பின்னால் போகிறது. அங்கே 'நம்பு' என்ற சொல்லுக்கு நசை என்று பொருள். அதாவது விருப்பம். ஒருவர் மேல் வைக்கும் விருப்பம்தான் காலப்போக்கில் நம்பிக்கையாகியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் "நம்பிக்கையோடு இரு" என்பது பாதி வாக்கியம். யாரை நம்பி என்பது விட்டுப்போயிருக்கிறது.

நாட்டில் அப்போது அந்தச் சொல்லுக்கே போதாத காலம். 'ஹராப்பான்' என்பதைப் பெயரிலேயே வைத்திருந்த கூட்டணியின் ஆட்சி 2020 பிப்ரவரி கடைசியில் கவிழ்ந்தது. மார்ச் 1-ஆம் தேதி புதிய பிரதமர் பதவியேற்றார். 16-ஆம் தேதி இரவு அவர் தொலைக்காட்சியில் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி கதவுகள் மூடின. முதலில் இரண்டு வாரம் என்றார்கள். அது நீண்டது, பெயர் மாறியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது.

எங்கள் ஊர் ஆயர் தாவார். பேராக்கில் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்குப் பக்கம். ரப்பர் மரங்கள் போய் செம்பனை வந்துவிட்ட ஊர். டவுனில் ஃபூச்சௌ சீனர்களின் கடைகள், சுற்றிலும் தோட்டங்களிலிருந்து வெளியேறி வந்தவர்களின் தாமான்கள். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று சட்டம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டத் தொழிலுக்கு அனுமதி இருந்ததால் அவருக்கு வேலை நிற்கவில்லை. அம்மா வேலை செய்த சாப்பாட்டுக் கடை மூடப்பட்டது. நான் அப்போது ஐந்தாம் படிவம். 2020-இல் எழுத வேண்டிய எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரி 22-இல்தான் தொடங்கியது.

அந்த நாட்களில் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வந்திருக்கும். 1665-இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நியூட்டன் கிராமத்துக்குப் போனார். தனிமையில் உட்கார்ந்து ஒளியைப் பற்றியும் ஈர்ப்பு விசையைப் பற்றியும் யோசித்தார். நீ என்ன செய்யப் போகிறாய்? கேட்கவே குற்ற உணர்ச்சி வரும். ஆனால் நியூட்டன் போனது அவருடைய அம்மாவின் பண்ணை வீட்டுக்கு. எங்கள் வீட்டில் மூன்று அறை, ஆறு பேர். அப்பா வண்டியில் கொண்டுபோகும் கைபேசியைத் தவிர்த்தால் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே கைபேசி. கூகல் வகுப்புக்குத் தம்பியா நானா என்று தினமும் சண்டை. இணையம் சரியாகக் கிடைக்கும் இடம் வாசல் ரம்புத்தான் மரத்தடிதான்.

ஆக, தனிமைப்படுத்தப்பட்டோமே தவிர எங்களுக்குத் தனிமை கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. தனிமை ஒருவர் தேடிப் போவது. கதவைச் சாத்திக்கொள்கிறவர் நினைத்தால் திறந்துகொள்ளலாம். தனிமைப்படுத்தல் ஒருவருக்குச் செய்யப்படுவது. எழுத்தாளர்கள் புகழ்ந்து பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றி. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

2020 ஜூனில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி உட்கார்ந்து, இரவும் அங்கேயே தங்கிய காணொலி நாடு முழுக்கப் பரவியது. அவரது விடாமுயற்சியைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு பிள்ளை மரத்தில் ஏறினால்தான் தேர்வு எழுத முடியும் என்பது யாருடைய சாதனை? அடைபட்டவரின் படைப்பாற்றலைக் கைதட்டிக் கொண்டாடும்போது, அடைத்து வைத்த ஏற்பாட்டின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன.

இதற்கு மறுப்பாக ஒருவர் ஆன் ஃபிராங்கைச் சொல்லலாம். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்திருந்த சிறுமி. சன்னலைத் திறக்க முடியாது, பகலில் சத்தமாக நடக்க முடியாது. அவள் எழுதவில்லையா? எழுதினாள். ஆனால் எப்படி எழுதினாள் என்று பார்க்க வேண்டும். நாட்குறிப்பைக் 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதமாக எழுதினாள். 1944 மார்ச் கடைசியில், லண்டனிலிருந்து ஒலித்த டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார்: போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்க வேண்டும் என்று. அதைக் கேட்ட பிறகுதான் அவள் தன் நாட்குறிப்பைப் புத்தகமாக வரும் என்ற எண்ணத்தோடு மறுபடி உட்கார்ந்து திருத்தி எழுதத் தொடங்குகிறாள். வெளியே ஒரு குரல், "நீ எழுதியது எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லியிருக்கிறது. அதை அவள் நம்பினாள். அவளது எழுத்தும் யாரையோ நம்பித்தான் நடந்தது.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு குரல் இருந்தது. தமிழ் இலக்கியப் பாடம் எடுத்த டீச்சர். எங்கள் குழுவில் மொத்தம் ஒன்பது பேர்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒவ்வொருவருக்கும் போன் அடிப்பார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"இருக்கியாமா?"

"இருக்கேன் டீச்சர்."

"என்ன எழுதின?"

"ஒன்னும் எழுதல டீச்சர்."

"சரி. அடுத்த வெள்ளி கேப்பேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. "நம்பிக்கையோடு இரு" என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் வியாழக்கிழமை இரவு ஒன்பது பேரில் நாலைந்து பேராவது எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்போம். வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து யாரோடும் பேசாத ஒருவன், தன் வீட்டுக் கோழிகளைப் பற்றி நாற்பது வரி எழுதி அனுப்பினான். நல்ல கவிதையா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது, அன்றைக்கு ஒருவர் கேட்பார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏப்ரலில் எங்களுக்குக் கிழமைகளே மறந்துபோயிருந்தன. வெள்ளிக்கிழமை மட்டும் மறக்கவில்லை.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய தனிமைப்படுத்தல் ஒன்று நடந்திருக்கிறது. சிலாங்கூரில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்டது. நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த காலம் உண்டு. தனிப் பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அவர்களுக்கென்றே அச்சிட்ட பணம்கூட இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரித்துவிடுவார்கள். உறவினர் யாரும் வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் தத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு'.

இந்தப் பெயரை எப்படி எடுத்துக்கொள்வது? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இந்தப் பெயரைச் சொல்ல முடியுமா? ஆனால் அங்கே இருந்தவர்கள் பூச்செடி வளர்த்தார்கள். இன்றைக்கும் கோலாலம்பூர்க்காரர்கள் செடி வாங்க சுங்கை பூலோவுக்குப் போகிறார்கள். குடியிருப்புக்குள் சாலையோரம் வரிசையாக இருக்கும் நாற்றங்கால்கள் அவர்கள் தொடங்கியவை. விரல்களில் உணர்ச்சி இழந்தவர்கள் செடியைப் பதியம் போட்டு வளர்த்து, வெளியில் இருப்பவர்களின் வாசலுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போக முடியாத வீடுகளுக்கு அவர்கள் வளர்த்த போகன்வில்லா போனது.

இதைப் பார்த்து, "பாருங்க, அடைபட்டாலும் மனிதன் படைப்பான்" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. செடி வளர்த்தது அவர்களுடைய பெருமை. அதை எடுத்து, அவர்களை அடைத்து வைத்ததற்குச் சமாதானமாக நாம் சொல்லக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியில் யாரும் கை கொடுக்காதபோது அவர்கள் ஒருவருக்கொருவர் 'யாரோ' ஆனார்கள். உள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், முடியாதவர்களை முடிந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயும் நம்பிக்கை தனி ஆளின் நெஞ்சுக்குள் முளைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குடியிருப்பின் நிலத்திலேயே பிற்பாடு எழுந்த சுங்கை பூலோ மருத்துவமனைதான் 2020-இல் கோவிட் நோயாளிகளை அனுமதித்த முதன்மை மருத்துவமனைகளில் ஒன்று. நாம் தினமும் செய்தியில் கேட்ட பெயர். அதற்கு அடியில் இந்தக் கதை இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

2021 ஜனவரி 12-ஆம் தேதி மாமன்னர் நாடு முழுவதற்கும் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார். வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 'டாருராட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். 1948 ஜூனில், இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அது 1960 வரை நீடித்தது. பதினொரு வயதில் கேட்ட சொல், எண்பத்து நாலாவது வயதில் அவரை அரிசியைப் பார்க்க வைத்தது.

அந்தக் காலத்தில் காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களை, சுமார் 5 லட்சம் பேரை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்ட லயங்களையும் ஓரிடமாகச் சேர்த்து வேலி கட்டினார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்த பிறகுதான் விட்டார்கள். பாட்டி சொல்வார்: "விடிஞ்சாதான் கேட்டத் தொறப்பான். ஒரு உருண்ட சோறு கொண்டுபோக முடியாது. பசியோட வெட்டிட்டு வந்து இங்கதான் திங்கணும்."

"பயமா இல்லையா பாட்டி?"

"பயம் இல்லாம? ஆனா எல்லாரும் சேர்ந்துல பயந்தோம்."

எனக்கு அந்த ஊரடங்குக்கும் எங்கள் ஊரடங்குக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பதிலில் பிடிபட்டது. அவர்களுக்கு வேலி லயத்தைச் சுற்றி இருந்தது. எங்களுக்கு வேலி ஒவ்வொரு வீட்டையும் சுற்றி இருந்தது. லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு புகையவில்லை என்றால் பத்து வீட்டுக்குத் தெரியும். தாமானில் கேட்டைப் பூட்டினால், உள்ளே என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. பழைய காலத்தைப் பொற்காலமாக்க நான் சொல்லவில்லை. லயத்து வாழ்க்கையின் வறுமையும் சண்டையும் குடியும் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பார்க்கும் கண்கள் இருந்தன.

அந்தக் கண்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 468 பேர் தற்கொலை செய்துகொண்டதாகக் காவல்துறையின் கணக்கு வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதற்குமே 631. இப்படிச் சாக முயன்று பிழைத்தவர் அப்போது சட்டப்படி குற்றவாளி. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2023-இல்தான் அதை நீக்கினார்கள். நம்பிக்கை இழந்ததற்காக ஒருவரைத் தண்டிக்கலாம் என்று நினைத்த சட்டமும், "நம்பிக்கையோடு இரு" என்று அறிவுரை சொல்வதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நாமும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம் என்று தோன்றுகிறது. இரண்டிலும் நம்பிக்கை அந்த ஆளின் தனிப் பொறுப்பு. அது தீர்ந்துபோனால் தவறு அவருடையது.

2021 ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம் வந்தது. அந்த மாதக் கடைசியில்தான் வெள்ளைக்கொடி இயக்கம் தொடங்கியது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம். வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்க்கிறவர்கள் வருவார்கள் என்றார்கள். வெள்ளைக்கொடி தோல்வியின் அடையாளம், அதைவிடப் பிரார்த்தனை செய்யலாம் என்று அரசியலிலிருந்து சில குரல்கள் எழுந்தன. எனக்கு அந்தக் கொடிதான் அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்ததிலேயே பெரிய படைப்பாகத் தெரிகிறது. ஒரு துணி, ஒரு கம்பு. எழுத்து இல்லை, மொழி இல்லை. மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தமிழருக்கும் ஒரே மாதிரி புரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கட்டுகிறவர் ஒன்றை நம்பியாக வேண்டும்: யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலைப் பார்ப்பார் என்று. நம்பிக்கையே இல்லாதவர் கொடி கட்டமாட்டார்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி, கேட்டில் ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டை தொங்கியது. கொடியா, துவைத்துக் காயப் போட்டதா என்று தெரியவில்லை. நான் காயப் போட்டதுதான் என்றேன். அம்மா, "ரெண்டு நாளா எடுக்கல. நேத்து மழையிலயும் எடுக்கல" என்றார். போய்க் கேட்டால் கூச்சப்படுவார்கள், கொடியாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். எங்கள் வீட்டிலும் அப்போது தாராளம் ஒன்றும் இல்லை. அம்மா அரிசியில் பாதியையும் நாலு சார்டின் டின்னையும் ஒரு பையில் போட்டு, இருட்டியதும் அந்தக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். மறுநாள் பையும் இல்லை, சட்டையும் இல்லை. அது கொடிதானா என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அம்மா கேட்டதும் இல்லை.

என் கேள்விக்கு நான் நெருங்க முடிந்த பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்பிக்கை அந்த வீட்டுக்காரரின் மனநிலையில் மட்டும் இருந்திருக்காது. ஒரு சட்டை எத்தனை நாளாகத் தொங்குகிறது என்று நாலு வீடு தள்ளி ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் இல்லையா, அதிலும் இருந்தது. அடைபட்டவருக்கு நம்பிக்கையோடு இருக்க வேண்டிய கடமை ஒன்றும் இல்லை. அவர் நம்பினால் அது வீண்போகாமல் பார்த்துக்கொள்ளும் கடமை, பார்க்க முடிகிற இடத்தில் இருப்பவருக்குத்தான் இருக்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் ஒரு சங்கடமும் கூடவே வரும். மற்றவரைச் சார்ந்த நம்பிக்கை பொய்த்தும் போகலாம். ஆன் ஃபிராங்க் நம்பிய வாசகர்கள் வந்தார்கள், லட்சக்கணக்கில். ஆனால் அவளைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனாள். சுங்கை பூலோவில் பிள்ளையை இழந்தவர்கள் பலர், அந்தப் பிள்ளை தேடி வரும் என்று கிழவயது வரைக்கும் காத்திருந்தார்கள். நம்பினால் நடக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. சூரியன் உதிக்கிற படத்தைப் போட்டு அப்படிச் சொல்வது எளிது. நான் சொல்ல முடிந்தது இதுதான்: பொய்த்துப்போகும் சாத்தியம் இருப்பதால்தான் அதற்குப் பெயர் நம்பிக்கை. அந்தச் சாத்தியத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

எழுத நினைக்கிற என் வயதுக்காரர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை கதவுகள் மூடும்போது, கொள்ளைநோயோ வெள்ளமோ வேறு ஏதோ, மறுபடியும் நம்மிடம் கவிதை கேட்பார்கள். எழுதலாம். அதற்கு முன்னால் எழுதுவதை நிறுத்திவிட்ட ஒருவரின் பெயரை நினைத்துப் பார்க்கலாம். நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். குழுவில் முன்பு நிறையப் பேசி, இப்போது நீலக் குறியோடு நின்றுவிடுகிறவர். அவருக்கு ஊக்க வாசகம் எதுவும் தேவைப்படாது. "என்ன எழுதின? அடுத்த வெள்ளி கேப்பேன்" என்று ஒரு போன் போதும். சொன்னபடி அடுத்த வெள்ளிக்கிழமை கேட்கவும் வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.